அனெஸ்திஸ் வைத்த ஐட்லிங்

மே மாதம் வந்தால் எனக்கு இன்னமும் உள்ளங்கை அரிக்கிறது. மாவ்ரோபெத்ரா மலைப் பாதையில் கார் பந்தயம் நடந்த காலத்தில், இருபத்திரண்டு வருடம் கட்டை போட்டவன் நான்தான். பந்தயம் புறப்படும் இடமே செங்குத்தான ஏற்றம். வண்டி பின்னால் உருளாமல் இருக்க, பின்சக்கரத்தின் அடியில் ஒருவன் மரக்கட்டையை வைத்துப் பிடித்திருக்க வேண்டும். வண்டி சீறிக் கிளம்பியதும் கட்டையை இழுத்துக்கொண்டு விலக வேண்டும். "ப்ரோத்ரோமோஸ் ஊருக்கே ஆப்பு வைக்கிறவன்" என்று காபிக்கடையில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். மற்ற நாளெல்லாம் பஸ் ஓட்டியவனுக்கு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்த மரியாதை அது.

கட்டைக்கு நீளமான கைப்பிடி உண்டு. எஞ்சினின் துடிப்பு சக்கரம் வழியாக, கட்டை வழியாக, என் கைக்கு வந்து சேரும். யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல், நின்ற இடத்தில் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடுகிறதே, அந்த ஐட்லிங்கை என் அளவுக்குத் தொட்டுப் பார்த்தவன் கிரீஸ் நாட்டிலேயே இருக்கமாட்டான். கண்ணைக் கட்டிவிட்டால்கூட நாற்பது வண்டிகளையும் பெயர் சொல்லிவிடுவேன். அதிலும் அனெஸ்திஸ் கை வைத்த வண்டி என்றால் தொட்டதுமே தெரியும்.

நாட்டில் பண நெருக்கடி வந்த வருடத்தோடு பந்தயம் நின்றுபோனது. இப்போது அந்தப் பாதையில் ஆடுகளும் ஜெர்மன் சைக்கிள்காரர்களும் போகிறார்கள். அனெஸ்திஸ் இருக்கிறான், நன்றாகவே இருக்கிறான், எழுபத்தைந்து வயதிலும் சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றுகிறான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு ஏக்கம் தாங்கவில்லை. அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன். படித்தால் திட்டுவான், பரவாயில்லை.

ஸ்டுட்கார்ட்டில் ஏழு வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் அனெஸ்திஸ். மற்றவர்கள் ஃபிரிட்ஜும் டிவியும் கொண்டுவந்தார்கள்; இவன் இரண்டு பெட்டி நிறைய ஸ்பானரோடு வந்து இறங்கினான். அவனைக் கட்டிக்கொண்ட அரெத்தி, அந்தப் பெட்டிகளை "மூத்த தாரம்" என்றுதான் சொல்வாள். அவனுக்குப் பெரிய காதுகள், சிறிய பொறுமை. ஊரிலேயே வேகமான வண்டிகளைக் கட்டுகிறவன், தன் சொந்த வண்டியை நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டான். என் பஸ் அவனை முந்திப்போகும்போது பயணிகள் ஜன்னல் வழியாகக் கையசைப்பார்கள். அவன் திரும்பிப் பார்க்கமாட்டான்.

அவனுடைய வித்தை நான்கு பட்டாம்பூச்சிகள். சாதாரண எஞ்சினுக்குள் காற்று நுழைய ஒரே வாசல்தான் இருக்கும். அந்த வாசலில் வட்டமான தகடு ஒன்று திறந்து மூடும். எங்கள் பக்கத்தில் அதைப் பட்டாம்பூச்சி என்போம். அனெஸ்திஸ், விபத்தில் நொறுங்கிப்போன மோட்டார் பைக்குகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் பட்டாம்பூச்சிகளைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒன்று என்று காருக்கு நான்கு வைப்பான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாசல், தனி மூச்சு. மிதித்தால் வண்டி பாயும் பாய்ச்சலைப் பார்க்க வேண்டும்.

ஓடும்போது ராஜா. நிற்கும்போதுதான் தொல்லை. கால் எடுத்த பிறகும் எஞ்சின் ஓட வேண்டும் என்றால், நான்கு தகடுகளும் மயிரிழை அளவு திறந்திருக்க வேண்டும், அதுவும் நான்கும் ஒரே அளவில். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ எஞ்சின் நொண்டும். ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு வாசலாக வைத்து, உள்ளே போகும் காற்றின் 'உஸ்' சத்தத்தைக் கேட்பான். கேட்டுக் கேட்டு திருகாணியைக் கால்வாசி, அரைக்கால்வாசி திருப்புவான். அப்போது யாராவது இருமினால் ஸ்பானர் பறந்து வரும்.

இவ்வளவு செய்தும் காலையில் வைத்தது மதியம் நிற்காது. சூடு ஏறினால் மாறும், ஆறினால் மாறும். அடிவாரத்தில் சரியாக இருப்பது உச்சியில், காற்று மெலிந்த இடத்தில், மூச்சு முட்டும். ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"என் பஸ் சதுக்கத்துல அரை மணி நேரம் நிக்குது. மேல காபி கப்பை வச்சா சிந்தாது. உன் வண்டி ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டேங்குது. எல்லா காருக்கும் வக்கிற மாதிரி ஒரு ஐட்லிங் வால்வு வச்சுத் தொலைக்க வேண்டியதுதானே? அது பாட்டுக்கு வேணுங்கற காத்தை விட்டுக்கும்ல?"

"உன் பஸ் டீசல்டா, கழுதை. அது செத்தாலும் ஓடும்" என்றான். "வால்வு வக்கிறதெல்லாம் கடைக்குப் போய் காய்கறி வாங்குறவன் வண்டிக்கு. பந்தயக் குதிரைக்கு யாராவது ஊன்றுகோல் குடுப்பானா? நிக்குற மாதிரி இருந்தா டிரைவர் லேசா ஒரு மிதி மிதிச்சுக்கட்டும். காலு எதுக்கு இருக்கு?"

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊருக்கே அந்த நொண்டும் சத்தம் பிடிக்கும். 'டபடப... டப... டபடப' என்று எப்போது நிற்குமோ என்று இழுத்துக்கொண்டு ஓடினால்தான் அது பந்தய எஞ்சின் என்பார்கள். சீராக ஓடினால் "என்னடா, தையல் மெஷினா?" என்று சிரிப்பார்கள்.

அவன் கட்டிய வண்டிகளிலேயே சிறந்தது லாசரோஸின் வெள்ளைக் கார். லாசரோஸ் அரெத்தியின் தம்பி, குடைமிளகாய் விவசாயி. வாயாடி. மைத்துனர்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் வம்பிழுக்காமல் சோறு இறங்காது. "மச்சான், உன் காதை வெட்டி வண்டியில மாட்டிட்டா நீயே தேவையில்ல" என்பான் லாசரோஸ். "மாப்ள, உன் மண்டையில அடைக்கிறதுக்கும் ஒரு எஞ்சின் தேடிக்கிட்டிருக்கேன்" என்பான் இவன்.

எங்கள் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிகள் ஒவ்வொன்றாக மலை ஏறும், ஏறியவை உச்சியில் காத்திருக்கும். நாற்பதும் ஏறி முடிந்த பிறகு எல்லாம் சேர்ந்து வரிசையாக ஊர்வலம்போல இறங்கும். ஊரே சாலையின் இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டும். டிரைவர்கள் கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வழியில் இருக்கிற கைகளையெல்லாம் தட்டிக்கொண்டே உருண்டு வருவார்கள். குழந்தைகளுக்கு அதுதான் பந்தயம். கியரில் போட்டு இறங்குகிறவனைக் கஞ்சன் என்பார்கள். என்ன கணக்கோ, தெரியாது, எங்கள் ஊர்க் கணக்கு அப்படி.

2003-ஆம் வருடம் லாசரோஸ் அப்படித்தான் இறங்கி வந்தான். உச்சியில் ஒரு மணி நேரம் நின்று எஞ்சின் ஆறியிருந்தது. சாலையோரம் சிற்றாலயம் இருக்கிற வளைவுக்கு மேலே, நியூட்ரலில், கை வெளியே இருந்தபோது எஞ்சின் அணைந்தது. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் நின்றுவிடும். இரண்டு மிதிக்குத் தாங்கும், மூன்றாவதில் பெடல் கல்லாகிவிடும். குழந்தைகள் இருந்த பக்கத்தைத் தவிர்த்து, அவன் கற்சுவரில் கொண்டுபோய் மோதினான். வலது பாதத்தில் பாதியைத் தெசலோனிக்கி ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மீதிப் பாதிக்கு உணர்ச்சி இல்லை.

டிரைவர் கவனக்குறைவு என்று போலீஸ் எழுதிக்கொண்டது. லாசரோஸும் மறுக்கவில்லை. "நான் ஒழுங்காத்தான் வந்தேன், சுவர்தான் குறுக்க வந்துச்சு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஆரம்பித்து, ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தான். அனெஸ்திஸ் மட்டும் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை நொறுங்கிய வண்டி பட்டறைக்கு வந்தபோது நானும் இருந்தேன். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். சாவி 'ஆன்' நிலையிலேயே இருந்தது, லாசரோஸ் அணைக்கவில்லை; கியர் நியூட்ரலில் இருந்தது. நிமிர்ந்தவன் முகத்தில் ரத்தமில்லை.

"தானா நின்னிருக்கு" என்றான். "ப்ரோத்ரோமோஸ், ஐட்லிங் நின்னிருக்குடா."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போய் லாசரோஸிடம் சொல் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "விடுறா, ஆனது ஆச்சு" என்பதுதான். அந்த வார்த்தைக்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அதற்குப் பிறகு அவன் பந்தய வண்டியைத் தொடவில்லை. டிராக்டருக்கு ஆயில் மாற்றினான், டாக்டர் வண்டிக்கு பிரேக் கட்டை மாற்றினான். ரப்பர் குழாய் ஆணியில் தொங்கியது.

மூன்று வருடம் கழித்து, 2006 ஜனவரியில், லாசரோஸ் விந்திக்கொண்டே பட்டறைக்குள் வந்தான். நான் அடுப்பருகே உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், மே மாசம் நான் ஏறணும். டாக்டர்கிட்ட காயிதம் வாங்கிட்டேன். வண்டிய எடு."

"உனக்கென்ன பைத்தியமா? எந்தக் காலால மிதிப்ப?"

"இருக்கிற காலால. முழு மிதி மிதிக்க வருது, காலை எடுக்க வருது. நடுவுல லேசா மிதின்னாதான் வராது, உள்ள உணர்ச்சி கிடையாது. நிக்கிறப்போ எஞ்சினை நான் பாத்துக்க முடியாது. அது தன்னத்தானே பாத்துக்கணும். அதை நீ செய்."

அனெஸ்திஸ் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அந்தக் கையில் ஒன்றுமில்லை. முடியாது என்று நான்கு நாள் சொன்னான். ஐந்தாம் நாள் அரெத்தி வந்து இருவரையும், சும்மா உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்துத் திட்டினாள். "அவன் எப்படியும் ஏறத்தான் போறான். வேற எவனாவது கட்டுன வண்டியில ஏறி சாகட்டும்ங்கிறியா?" ஆறாம் நாள், பட்டறை மூலையில் மூன்று வருடமாகக் கிடந்த வெள்ளைக் காரின் மேலிருந்த தார்ப்பாய் இறங்கியது.

அந்தக் குளிர்காலத்தை நான் மறக்கமாட்டேன். வெளியே முழங்கால் பனி. உள்ளே விறகடுப்பு, அரெத்தி அனுப்பும் பீன்ஸ் சூப், சூப்பைவிடச் சூடாக அனெஸ்திஸின் வசவுகள். எந்த வால்வைக் காய்கறி வாங்குறவன் சமாச்சாரம் என்றானோ அதையே மேசைமேல் வைத்து, எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் ஒரு வால்வு ஒரு வாசலுக்குத்தான் காற்று விடும். இங்கே வாசல் நான்கு.

அவன் செய்தது இதுதான். நான்கு பட்டாம்பூச்சிகளையும் முழுசாக மூடினான், மயிரிழைகூட விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே துளை போட்டு, ஒரு மெல்லிய குழாய் செருகினான். நான்கு குழாய்களையும் ஒரு சின்னப் பெட்டியில் சேர்த்தான். பெட்டிக்குள் காற்றை விட, அதன் வாயில் அந்த ஒற்றை வால்வு. வால்வை எவ்வளவு திறப்பது என்பதை ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். முதல் பெட்டியை ஆலிவ் எண்ணெய் டின்னில் செய்தான். எஞ்சின் உறிஞ்சிய உறிஞ்சில் டின் காகிதம்போல நசுங்கியது. நான் சிரித்துவிட்டேன், இரண்டு நாள் பட்டறைக்குள் விடவில்லை.

அப்புறம் கெட்டியான இரும்புப் பெட்டி வந்தது. குழாய்கள் தடிமனாக இருந்ததால் ஒரு சிலிண்டரின் மூச்சை இன்னொன்று திருடியது. எஞ்சின் ஏறுவதும் இறங்குவதுமாக ஊஞ்சலாடியது. பென்சில் அளவுக்குக் குழாயை ஒடுக்கினான். அப்போதும் ஆட்டம் முழுசாக நிற்கவில்லை. கம்ப்யூட்டர் அவசரக்குடுக்கை, வேகம் கொஞ்சம் இறங்கியதுமே வால்வைத் திறந்துவிடும், ஏறியதும் மூடிவிடும். காற்று வந்து சேர நேரமாகும், அதற்குள் அடுத்த ஆட்டம். பிப்ரவரி முழுக்க அதோடு மல்லுக்கட்டிக் கடைசியில் கண்டுபிடித்தான்: காற்றை மெதுவாகத் திருத்த வேண்டும், சின்னச் சின்ன ஆட்டத்தை ஸ்பார்க் விழும் நேரத்தை முன்னே பின்னே நகர்த்தி உடனே திருத்த வேண்டும். காற்று மெதுவாக, தீப்பொறி சட்டென்று.

மார்ச் மாதம் ஒரு மதியம். யாரும் பெடலைத் தொடவில்லை. எஞ்சின் 'தடதட' என்று ஒரே சீராக ஓடியது. லாசரோஸ் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "தையல் மெஷின் மாதிரி இருக்கு மச்சான்" என்றான். "ஆமா மாப்ள" என்றான் அனெஸ்திஸ். அவன் அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். அப்புறம் வேறு ஸ்பானரைத் தேடப் போய்விட்டான்.

மே மாதம் வந்தது. பந்தயத்துக்கு முன் பாதிரியார் அகாப்பியோஸ் சதுக்கத்தில் வண்டிகளை ஆசீர்வதிப்பார். துளசிக் கொத்தை மந்திரித்த நீரில் தோய்த்து ஒவ்வொரு எஞ்சின் மேலும் உதறுவார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மூடி திறந்திருக்க வேண்டும், காற்றை வடிகட்டும் ஃபில்டர்கூட இருக்கக் கூடாது. "மூடி வச்சுக்கிட்டா ஆசீர்வாதம் எப்படிப்பா உள்ள போகும்?" என்பது அவர் கட்சி. கோயில் பக்கமே போகாத அனெஸ்திஸ், அரெத்தியின் பார்வைக்குப் பயந்து, தன் கையாலேயே வால்வின் வாயிலிருந்து பஞ்சு ஃபில்டரை உருவினான். பாதிரியாருக்கும் லாசரோஸ் மீது தனிப் பிரியம். மற்ற வண்டிகளுக்கு மூன்று உதறல், இவனுக்கு ஏழு.

எங்கள் பக்கத்துத் துளசிக்கு இலை பொடிப்பொடியாக, ஒரு பருப்பளவுதான் இருக்கும்.

அரை மணி கழித்து வெள்ளைக் கார் புறப்படும் கோட்டுக்கு வந்தது. கட்டையை வைத்தேன். கைப்பிடியைப் பிடித்ததும் துடிப்பை எண்ணினேன். ஒன்று, இல்லை, மூன்று, நான்கு. ஒன்று, இல்லை, மூன்று, நான்கு. ஒரு சிலிண்டருக்கு மூச்சு இல்லை. கம்ப்யூட்டர் வால்வை அகலத் திறந்து மற்ற மூன்றையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. உச்சியிலிருந்து 'பாதை காலி' என்று தகவல் வரும்வரை கோட்டில் நின்றே ஆக வேண்டும். கோட்டில் அணைந்தால் ஓட்டம் போச்சு. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் அனெஸ்திஸ் நின்றிருந்தான். அவனுக்கும் கேட்டுவிட்டது, முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கயிற்றைத் தாண்டி மெக்கானிக் வரக் கூடாது. நாற்பது வினாடி. எஞ்சின் நொண்டியது, இறங்கியது, மறுபடி பிடித்துக்கொண்டது, அணையவில்லை. பச்சை விளக்கு விழுந்தது. லாசரோஸ் முழு மிதி மிதித்தான், நான்கு பட்டாம்பூச்சிகளும் திறந்தன, வண்டி பறந்தது.

ஓடும்போது அந்த நோய் கிடையாது, நிற்கும்போதுதான். தன் பழைய நேரத்தைவிட ஏழு வினாடி அதிகமாக எடுத்து உச்சியைத் தொட்டான். ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னதும் ஊர் ஆர்ப்பரித்தது. அரெத்தி அழுதுகொண்டே யாரோ ஒரு அந்நியரைக் கட்டிக்கொண்டாள்.

கடைசி வண்டியும் ஏறிய பிறகு அனெஸ்திஸ் என்னிடம் ஓடி வந்தான். "ரெண்டாவது செத்துப்போச்சு. உனக்குத் தெரிஞ்சுதா இல்லியா?"

"கையில தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டா விட்ட?"

"நான் கட்டை போடுறவன்டா. பச்சை விழுந்தா இழுக்கணும். அவ்வளவுதான் எனக்கு அதிகாரம்."

"இப்ப எறங்குவான்" என்றான். "மேல காத்து கம்மி. எஞ்சின் ஆறியிருக்கும். மூணு சிலிண்டர்ல நிக்காது. திரும்பவும் நியூட்ரல்ல..." முடிக்கவில்லை.

என் இடுப்பில் வாக்கி டாக்கி இருந்தது. உச்சியில் காவல் நின்ற திமியோஸைக் கூப்பிட்டேன். லாசரோஸ் இறங்க வேண்டாம், வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவரட்டும் என்றேன்.

சற்று நேரத்தில் திமியோஸ் பேசினான். "மூணு வருஷம் கழிச்சு ஏறுனது லாரியில எறங்குறதுக்கான்னு கேக்குறான். ஊர் பூரா கையை நீட்டிக்கிட்டு நிக்குதாம். எறங்கத்தான் போறானாம்."

"சேனல்ல வம்பு பேசாதீங்க" என்று பந்தய நடத்துனர் உரானியா அம்மா குறுக்கே வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். "பாதுகாப்பு விஷயம் மட்டும் பேசுங்க."

அனெஸ்திஸ் என் கையிலிருந்து கருவியைப் பிடுங்கினான். மலை முழுக்க இருந்த முப்பது பாதைக் காவலர்களும் கேட்கும் சேனல் அது. அவனுக்கு அது நினைவில் இல்லையா, இருந்தும் பேசினானா, இன்றுவரை நான் கேட்டதில்லை.

"மாப்ள, எறங்காத. போன தடவ அந்த வளைவுல நீ ஒரு தப்பும் பண்ணல. வண்டி தானா நின்னுபோச்சு. நான் வச்ச ஐட்லிங். மேல போனா நிக்கும்னு எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சும், வால்வு வேணாம்னு வீம்பு பண்ணேன். உன் காலு போனது என்னாலதான். மூணு வருஷமா சொல்ல வாய் வரல."

திமியோஸின் கருவியிலிருந்து லாசரோஸின் குரல் வந்தது.

"மச்சான், வண்டிக்குள்ள உக்காந்திருந்தது நானு. நின்னது எனக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ பட்டறைய மூடிட்டு மறுபடி ஜெர்மனிக்கு ஓடியிருப்ப. காலுதான் போச்சு, மச்சானும் போகணுமா எனக்கு?"

அனெஸ்திஸ் சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். தோள்கள் குலுங்கின. நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றுமில்லை, ஒரு வேலியும் ஒரு கழுதையும்தான்.

"மச்சான், அழுது முடிச்சாச்சா?" என்றது சேனல். "முடிச்சுட்டா என்ன பண்ணணும்னு சொல்லு. எனக்குப் பின்னாடி முப்பத்தொம்பது வண்டி நிக்குது."

அனெஸ்திஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இரும்புப் பெட்டி... அதுல ரெண்டாவது குழாய். உருவிப் பாரு."

ஒரு நிமிடம் போனது. அப்புறம் சிரிப்புச் சத்தம். "குழாய் வாயில துளசி இலை ஒட்டிக்கிட்டிருக்கு மச்சான். பாதிரியாரே உள்ள வந்து உக்காந்துட்டாரு." மலை முழுக்க முப்பது வாக்கி டாக்கிகளும் சிரித்தன. குழாயைத் திரும்பச் செருகச் சொல்லி, பத்து நிமிடம் சும்மா ஓடவிடச் சொல்லி, சத்தத்தை வாக்கி டாக்கி வழியாகவே கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் அனெஸ்திஸ் இறங்கச் சம்மதித்தான். அதுவும் கியரில்.

சம்மதித்தவன் அங்கே நிற்கவில்லை. சிற்றாலய வளைவை நோக்கி ஏறினான். என் வேலை முடிந்திருந்தது, நானும் கூடவே மூச்சு வாங்க நடந்தேன். நாங்கள் சுவரருகே போய்ச் சேரவும் ஊர்வலம் வளைவில் திரும்பவும் சரியாக இருந்தது. வெள்ளைக் கார்தான் முன்னால் வந்தது, கியரில், ஒரு கை வெளியே. கஞ்சன் என்று யாரும் சொல்லவில்லை.

எங்களைப் பார்த்ததும் லாசரோஸ் அந்த வளைவிலேயே வண்டியை நிறுத்தினான். பின்னால் வரிசை மொத்தமும் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான், பெல்ட்டை அவிழ்த்தான், கதவைத் திறந்து, வண்டியின் பாதுகாப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். எஞ்சினை அணைக்கவில்லை. ஆளில்லாத வண்டி நடுச்சாலையில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விந்தி விந்தி வந்து அனெஸ்திஸின் தோளில் கை போட்டு, அவனை வண்டிப் பக்கம் திருப்பினான்.

"கேளு மச்சான்" என்றான். "யாரும் காலு வைக்கல."

உரானியா அம்மா சேனலில் ஊர்வலம் ஏன் நின்றது என்று கத்திக்கொண்டிருந்தார். நான் கருவியின் சத்தத்தைக் குறைத்தேன். மூன்று பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.